ஒரு சாண் சுவர்

டைல்ஸ்காரருக்கு முழங்கால் போய் இரண்டு வருடம் ஆகிறது. போய்விட்டது என்றால் எங்கும் போகவில்லை, இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. மடக்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது, அவ்வளவுதான். ஊரார் வீட்டுக் குளியலறைகளில் மண்டியிட்டே காலம் தள்ளியவர். கடவுள் முன்னால்கூட இவ்வளவு நேரம் மண்டி போட்டதில்லை, அந்தக் கோபத்தில் அவர்தான் காலைப் பிடுங்கிக்கொண்டார் என்று தானே சொல்லித் தானே சிரிப்பார். கேட்பவர்கள் முதல் தடவை சிரித்தார்கள்.

இப்போது குடும்பம் மனைவியின் தலையில். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விடியும் முன்பே எழுந்து, இருவருக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டு ஓடுவாள். மாலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் நாற்காலியில் அப்படியே உட்காருவாள். விரல் நுனியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருக்கும். அந்த நேரத்தில் யாரும் அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் பதில் வராது. கோபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், தெம்பு இல்லை.

பின்னறையில் மகன். ஒரே பிள்ளை. வெளியூரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான். கல்யாணம் முறிந்தது, பிறகு வேலையும் போனது. எது எதனால் என்று அவன் சொல்லவில்லை, இவர்களும் தோண்டவில்லை. சில நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்தான். அந்தப் பெட்டியைப் பிரித்து அடுக்கவும் இல்லை, தூக்கிக்கொண்டு கிளம்பவும் இல்லை. நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் பார்க்கலாம் என்பான். சாப்பிட வா என்றாலும் அதே பார்க்கலாம்தான். வளர்ந்த பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அந்தச் சத்தமில்லாமைதான் டைல்ஸ்காரரைத் தின்றது. கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று, உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். கிறீச்சிட்டால் மூச்சு வரும், உடனே கோபமும் வரும்.

பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் ஒரு பல் டாக்டரிடம் வேலை செய்பவர். பிறத்தியார் வாயைப் பார்த்துப் பார்த்துத் தன் வாயை மூட மறந்துபோனவர். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் மேலே ஏற்றிவிட்ட பிள்ளை இப்படிக் கீழ்த்தளத்திலேயே நின்றுவிட்டதே என்று மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொல்வார். டைல்ஸ்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும் என்ற பயம்தான்.

பகலில் அந்தப் பிள்ளை வெளியே வருகிற ஒரே இடம் பின்பக்கத் தோட்டம். அங்கே ஒரு குளம் இருக்கிறது. குளம் என்று டைல்ஸ்காரர் மட்டும்தான் சொல்வார், மற்றவர்களுக்கு அது தொட்டி. இரண்டு கட்டில்களை ஒட்டிப் போட்ட அகலம், தொடையளவு ஆழம். முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் மனைவி துணி துவைக்க ஒரு மேடை கட்டித் தரச் சொன்னாள். அவர் குளம் கட்டித் தந்தார். இன்றைக்கும் துணி மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

ஆனால் வேலை என்றால் அது வேலை. ஒவ்வொரு வீட்டிலும் மிஞ்சிய டைலை ஒன்றிரண்டாகக் கொண்டுவந்து ஒட்டியது. நீலம் ஒரு டாக்டர் வீட்டுக் குளியலறை, வெள்ளை ஒரு ஓட்டல் சமையலறை, காசு கொடுத்து யாருமே வாங்கியிருக்கக் கூடாத ஒரு பழுப்பும் உண்டு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நகம் நுழையாது. சுவரில் கையை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். மேல் விளிம்பு உள்பக்கமாக இரண்டு விரல் துருத்தி நிற்கும், அழகுக்கு. அடித்தளம் கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டையை நோக்கிச் சரியும். இந்தச் சரிவுக்குத் தொழிலில் வாட்டம் என்று பெயர். வாட்டம் பார்ப்பதில் தன்னை அடிக்க ஆள் இல்லை, தான் போட்ட தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியதில்லை என்று அவர் பீற்றிக்கொள்வார், அது உண்மையும்கூட. மழை வலுத்தால் குளம் வழிந்து தோட்டம் சேறாகிவிடக் கூடாது என்று விளிம்புக்கு ஒரு சாண் கீழே ஒரு குழாயும் பதித்திருந்தார். அதனால் எந்த மழையிலும் தண்ணீர் விளிம்பைத் தொட்டதில்லை.

முதலில் மீன் விட்டார்கள். ஒரு கொக்கு வந்து மொத்தத்தையும் தின்றுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. பிறகு தவளைகள் தாமாக வந்தன. மழைக்காலம் தொடங்கினால் ஊரைக் கூட்டுகிற கச்சேரி, மறுநாள் காலையில் தண்ணீரில் வழுவழுவென்று முட்டைக் கொத்து, கொஞ்ச நாளில் தலையும் வாலுமாகத் தலைப்பிரட்டைகள். பிறகு பின்னங்கால், அதன் பிறகு முன்னங்கால். அதற்கப்புறம் ஒன்றையும் காணோம். மகன் சின்னவனாக இருந்தபோது, எல்லாம் எங்கே போய்விட்டன என்று கேட்பான். கால் முளைத்தாயிற்று, கிளம்பிப் போய்விட்டன, அதுதான் பிழைக்கிற பிள்ளைக்கு அடையாளம் என்பார் இவர். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் இதே கதைதான். நம் குளத்தில் வளர்ந்த தவளைதான் இந்தத் தெரு முழுக்கக் கத்துகிறது என்பார். மனைவி டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பின்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் பழைய டீ வடிகட்டி ஒன்று தொங்கும். கைப்பிடியில் துரு, ஓரத்தில் கிழிசல். இரண்டு தடவை அதைக் குப்பையில் போடப் பார்த்தார். இரண்டு தடவையும் மனைவி பாய்ந்து வந்து பிடுங்கி மாட்டினாள். பெண்களுக்குப் பழைய பாத்திரத்தின் மேல் இருக்கிற பாசம் என்று அவரும் விட்டுவிட்டார்.

ஒரு நாள் பகல் முழுக்க வலி. போதாக்குறைக்குக் கம்பவுண்டர், பையன் நிரந்தரமாகத் தங்குவதென்றால் பேசாமல் அந்தத் தொட்டியை ரொப்பிவிட்டு அவனுக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் சிரித்துவைத்தார். மாலை மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகன் தட்டில் எதையோ கிளறிக்கொண்டிருந்தான். குளத்தில் இந்தத் தடவை நிறையப் பிரட்டை, சிலதுக்குக் கால்கூட வந்துவிட்டது என்று அவனாகவே ஒரு பேச்சை எடுத்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம். மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

டைல்ஸ்காரருக்கு நாக்கில் சனி.

"அதுங்களுக்குக் கால் முளைச்சா கிளம்பிடும்டா. யாரும் சொல்லவே வேணாம். உனக்கு எப்ப முளைக்கும்?"

மகன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தான். நன்றாக, இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவினான். பிறகு அறைக் கதவு சாத்துகிற சத்தம். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திட்டவும் அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கு அந்த நிமிடமே தெரியும். ஆனால் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். டைல் உடைந்தால் வேறு டைல் வைக்கலாம், இதற்கு என்ன வைப்பது? மறுநாளும் அதற்கடுத்த நாளும் மகன் சாப்பாட்டுக்கு வரவில்லை, அறையை விட்டால் குளத்தோரம்தான். இவர் சமையலறைக்கும் நடைக்கும் நொண்டிக்கொண்டே அலைந்தார். ஒரு தடவை கதவைத் தட்டி, டீ வேணுமா என்று கேட்டார். கட்டில் கிறீச்சிடும்வரை அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இரண்டு நாளில் அவர் பயந்த பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் என்று இன்னொரு பயம்.

அதற்கு மறுநாள் விடிகாலையில் மகனே வந்து அவரை எழுப்பினான். வலி மாத்திரைத் தூக்கம் கலையாமல் அவர் விழித்தார்.

"அப்பா, கொஞ்சம் வாங்க."

அவன் குரல் கேட்டதே போதும் என்று எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போனார். இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை. குளத்தோரம் மனைவி குந்தியிருந்தாள், வேலைக்குப் போகிற உடையோடு. கையில் அந்தப் பழைய டீ வடிகட்டி. அவரைப் பார்த்ததும் அதைப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். பிறகு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோல் முன்னால் கொண்டுவந்தாள்.

வடிகட்டியில் ஏழெட்டுக் குட்டித் தவளைகள் கிடந்தன. கட்டைவிரல் நகம் அளவுதான். கை, கால், கண் எல்லாம் சரியாக அமைந்து, பின்னால் இன்னும் கொஞ்சம் வால் மிச்சம். வெள்ளை வயிறு மேலே தெரிந்தது.

"போகலப்பா," என்றான் மகன். "ஒண்ணுகூடப் போகல."

அவருக்கு முதலில் புரியவில்லை. நோயா, தண்ணீர் கெட்டுவிட்டதா, கம்பவுண்டர் கொசு மருந்து எதையாவது ஊற்றினாரா என்று அடுக்கிக்கொண்டே போனார். மகன் இல்லை என்று தலையாட்டினான். நேற்றுப் பகல் முழுக்க உட்கார்ந்து ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தானாம். வாலோடு இருக்கும்போது அவை தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடும், முன்னங்கால் வந்ததும் நம்மைப் போலக் காற்று வேண்டும், ஏறி உட்கார ஓர் இடம் வேண்டும் என்றான். பெரிய தவளைக்குத் தாவிப் போகத் தெம்பு உண்டு. இத்துனூண்டு இருக்கிறதற்கு அந்தச் சுவர் வழுக்கும், மேலே போனால் விளிம்பு தலையில் இடிக்கும்.

"சுவரையே தடவிக்கிட்டு சுத்திச் சுத்தி வந்துச்சுப்பா. எங்கயாச்சும் பிடி கிடைக்குமான்னு. சாயங்காலம் வரைக்கும் விடல. நோய் ஒண்ணும் இல்ல அதுக்கு. களைச்சுப் போய்ச் சாகுது."

டைல்ஸ்காரர் மனைவியைப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. வடிகட்டியின் துருவே சொன்னது. குளம் கட்டின அடுத்த மழைக்காலத்திலிருந்து, அவர் எழுவதற்கு முன், அவள் இதை அள்ளிக் கொண்டுபோய்ச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அதைச் சொல்லித்தான் சந்தோஷப்படுவீங்க. இவன் வேற சின்னப் பையன், அப்பா சொன்னதை அப்படியே நம்பிக்கிட்டிருந்தான். இதுங்க பொறப்பு இப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன். ஏன்னு எனக்கும் தெரியாதே."

சொல்லிவிட்டு அவள் எழுந்து, வழக்கமான செடிப் பக்கம் போனாள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

டைல்ஸ்காரர் குளத்தின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார். வழுவழுப்பு அப்படியே இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு டைல் விலகவில்லை, ஒரு பிசிறு இல்லை. தண்ணீர் வெளியே போக அடியில் ஒரு வழி, மேலே ஒரு வழி என்று பார்த்துப் பார்த்துச் செய்தவருக்கு உள்ளே இருக்கிற உயிர் எப்படி வெளியே வரும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, மூன்று நாள் முன்பு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தான் கேட்ட கேள்வி நெஞ்சில் வந்து குத்தியது. பக்கத்தில் நின்ற பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருமை, சவரம் செய்யாத முகம். இவனும் எத்தனை நாளாகச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தானோ.

அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது. "ஆணிப்பெட்டிக்குப் பக்கத்துல உளியும் சுத்தியலும் இருக்கும், எடுத்துட்டு வா," என்றார்.

மண்டி போடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழைய சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதில் இறங்கினார். இறங்கும்போது வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு மகன் ஓடிவந்து கக்கத்தில் கை கொடுத்தான். கையை விடாமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு டைல்ஸ்காரர் உளியை வைத்து, தானே ஒட்டிய விளிம்பை, தானே ரசித்த அந்த இரண்டு விரல் துருத்தலை, அடித்தார். முதல் அடியில் விடவில்லை. அவ்வளவு கெட்டியாக ஒட்டியிருந்தார் பாவி மனுஷன். நாலாவது அடியில் நீல டைல் தெறித்தது.

சத்தம் கேட்டுக் கம்பவுண்டர் மதிலுக்கு மேல் முளைத்தார். கடைசியில் என் பேச்சைக் கேட்டு ரொப்பப் போகிறீர்களா என்று சந்தோஷமாகக் கேட்டார். இல்லை, உடைக்கிறோம் என்றார் இவர். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காததால் அவர் உள்ளே போய்விட்டார்.

மகன் சிமெண்ட் கலக்கட்டுமா என்று கேட்டான். டைல்ஸ்காரர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சிமெண்ட் தின்ற தோல், வெடிப்பு வெடிப்பாக. பச்சைச் சிமெண்ட் மனுஷன் கையையே இப்படிப் பண்ணுகிறது, அந்தக் குட்டிகள் தாங்குமா, எதையும் ஒட்டக் கூடாது, சும்மா அடுக்குவோம் என்றார். குழாயடியில் கிடந்த செங்கல்லை மகன் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, தண்ணீருக்குள் கையை விட்டுப் படிப்படியாக வைத்தார். செங்கல்லுக்கு மேல், பெயர்த்தெடுத்த டைல். வைக்கப் போனவர் நிறுத்தி, அதைத் திருப்பி, பளபளப்பைக் கீழே போட்டு, சொரசொரப்பான முதுகை மேலே வைத்தார்.

"டைலைக் குப்புறப் போட்டது இதான் மொதல் தடவை. வெளிய சொல்லிடாத, மானம் போயிடும்."

மகன் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் டைல்ஸ்காரர் அதை எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு வழக்கம்போல ஒரு கண்ணை மூடி, கன்னத்தைத் தரையோடு வைத்து, சரிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். தண்ணீரின் ஆழத்திலிருந்து உடைந்த விளிம்பு வரைக்கும் ஒரே வாட்டம். பார்க்கச் சகிக்காத வேலை. எந்த வீட்டுக்காரனும் இதற்குக் கூலி தரமாட்டான்.

அவரை எழுப்பி நிறுத்த மகனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்று முழுக்க அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. மாலையில் வந்த மனைவி, வீங்கிய முழங்காலைப் பார்த்து, உங்களுக்கெல்லாம் எப்போதுதான் அறிவு வருமோ என்று முனகிக்கொண்டே வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஊறிச் சுருங்கிய விரல்கள் மறுபடியும் வெந்நீரில் முங்கின.

மறுநாள் காலையிலும் வடிகட்டியில் இரண்டு கிடந்தன. எதிர்மூலையில் சுற்றிக் களைத்தவை. அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆனால் பகலில் மகன் கூப்பிட, தடியை ஊன்றிக்கொண்டு போனார். குப்புறப் போட்ட டைலின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. பாதி உடம்பு தண்ணீரில், பாதி வெளியே. வால் அப்படியே இருந்தது. தொண்டை மட்டும் வேக வேகமாக அடித்துக்கொண்டது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கம்பவுண்டரும் எட்டிப் பார்த்தார். இதற்குத்தானா இவ்வளவு இடியும் மின்னலும் என்று கேட்டார். பிறகு அவருக்கே உரிய நியாயத்தோடு இன்னொன்றும் கேட்டார். "அதான் கால் நாலும் வந்துருச்சே. வழியும் போட்டாச்சு. இன்னும் ஏன் போகாம உக்காந்திருக்கு?"

எப்போதும் கூடச் சிரிக்கிற டைல்ஸ்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"கால் வந்தா ஆச்சா? மூச்சு வாங்குது பாருங்க. வாலும் இன்னும் கரையல. கரையற வரைக்கும் உக்காந்திருக்கட்டும். அது பாட்டுக்கு இருக்கட்டும், யாரும் கேக்க வேணாம்."

கம்பவுண்டருக்கு அது தவளையைப் பற்றிய பேச்சு. மகன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். டைல்ஸ்காரரும் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் இரண்டு பேருக்குமே சங்கடம்.

அன்று மாலை மனைவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் தெம்பு வந்த பிறகு எழுந்து போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள், இரண்டு தட்டு. பின்னறைக் கதவு திறந்தது. மகன் வந்து நின்று மேசையைப் பார்த்தான். அவள் அவசரமாக மூன்றாவது தட்டை எடுத்தாள். அவன் உட்கார்ந்தான். கொஞ்சமாகத்தான் சாப்பிட்டான், ஆனால் கிளறவில்லை. எல்லோருக்கும் களைப்பு. தட்டில் கரண்டி படுகிற சத்தம்தான். சாப்பிட்டு முடித்து, தண்ணீர் குடித்து, டம்ளரை வைத்துவிட்டு அவன் சொன்னான்.

"அப்பா, அந்த எதிர்மூலையில ரெண்டு செத்துப்போச்சு. நாளைக்கு அங்கயும் ஒண்ணு போடலாமா?"

மனைவியின் கை பாத்திரத்தின் மேல் அப்படியே நின்றது. நாளைக்கு என்கிற வார்த்தை அந்த வீட்டில் அவன் வாயிலிருந்து வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

டைல்ஸ்காரருக்கு மேசைக்கு அடியில் இரண்டு முழங்காலும் தீயாக எரிந்தன. "போடலாம்," என்றார்.